எழுபது வயதிற் களவு கற்றேன்

'களவும் கற்று மற' என்று முன்னோர் கூறிவைத்தனர். எந்த வயதிற் கற்பது, எப்பொழுது மறப்பது என்பவற்றை அவர்கள் கூறவில்லை. ஆதலால், முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், எழுபதாவது வயதில், என் வீட்டு விறாந்தையிலிருந்து களவு கற்கத் தொடங்கியதை வாசகர்கள் பெருங்குற்றமாகக் கொள்ளமாட்டார்கள் என நம்புகிறேன். எனக்கு ஆசான், பதின்மூன்று வயது நிரம்பிய என் மகள்வழிப் பேரன். பள்ளிக்கூடமோ, ஒரு பழைய கணினி.

எங்கள் ஊர் கதிரவெளி. மட்டக்களப்பிலிருந்து வடக்கே திருகோணமலைக்குச் செல்லும் கரையோர வீதியில், வாகரையைக் கடந்து, வெருகலை அடையுமுன் இருக்கிறது. கிழக்கே கடல், ஊரெங்கும் மணல். இந்த மணலைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். அதற்கும் களவுக்கும் தொடர்பு உண்டு.

பேரனுடைய தகப்பனார் கட்டாரில் வேலை செய்கிறார். மட்டக்களப்பு நகரிலே படிக்கும் ஒன்றுவிட்ட தமையன் ஒருவன், தான் பாவித்துக் கழித்த கணினியைச் சென்ற சித்திரை விடுமுறையில் இவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். புதிய விளையாட்டுக்கள் எவற்றையும் அந்தக் கணினி தாங்காது. கால் நூற்றாண்டுக்கு முந்தியவைதாம் அதில் ஓடும். ஒருநாள் மாலை நான் கோயிலிலிருந்து திரும்பியபொழுது, பையன் விளக்கையும் அணைத்துவிட்டு, காதிலே கருவியை மாட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கியவனாய்த் திரையைப் பார்த்திருந்தான். திரையின் மேலே எழுதியிருந்த பெயரை வாசித்தேன். 'தீஃப்' என்றிருந்தது. தமிழிற் சொன்னாற் கள்வன்!

"மனே, வாழ்நாள் முழுதும் பிள்ளைகளுக்கு அறம் படிப்பித்தவன் வீட்டிலே களவு விளையாட்டா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

அவன் காதுக் கருவியைக் கழற்றினான். "அம்மப்பா, நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லையே. விடைத்தாளை வாசிக்காமற் புள்ளி போடலாமா?" என்றான்.

ஆசிரியனை அவனுடைய ஆயுதத்தாலேயே வெல்வதென்பது இதுதான். எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அந்த விளையாட்டுக்கு இரண்டு பாகங்கள் அவனிடம் இருந்தன. இரண்டையும் அவன் விளையாடிக் காட்டுவான். நான் அருகே கதிரையில் அமர்ந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி இடுவேன். குறைந்த புள்ளி பெற்றால் விளையாட்டு வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். "கிழவனும் கள்ளனாகப் போகிறார்" என்று என் மனைவி அடுக்களையிலிருந்து தன் தீர்ப்பை முன்கூட்டியே வழங்கிவிட்டாள்.

முதற்பாகம் 1998ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அமெரிக்காவில், மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் என்னும் சிறிய நிறுவனம் அதனை ஆக்கியது. கதாநாயகன் பெயர் கரெட். பெயரில்லாத ஒரு பழங்காலப் பெருநகரில், செல்வர் மாளிகைகளிற் புகுந்து திருடிப் பிழைப்பவன். அக்காலத்துக் கணினி விளையாட்டுக்கள் பலவற்றிலும் வீரன் என்பவன் துப்பாக்கியோடு பாய்ந்து எதிர்ப்பட்டோரையெல்லாம் வீழ்த்துபவன். கரெட் அப்படியல்லன். இரண்டு காவலர் சேர்ந்து வாளோடு வந்தால் அவன் கதை முடிந்தது. ஆகவே அவன் போரிடுவதில்லை, ஒளிந்துகொள்கிறான்.

திரையின் அடியிலே சிறிய மணி ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கரெட் வெளிச்சத்தில் நின்றால் அம்மணி சுடர்கிறது. இருளுக்குட் சென்றால் மங்கிக் கறுக்கிறது. அதனைப் பார்த்துக்கொண்டுதான் அடி எடுத்துவைக்க வேண்டும். 'ஒளி' என்ற ஒரே சொல்லை வெளிச்சத்துக்கும் மறைந்துகொள்வதற்கும் வைத்த நம் மொழியின் விசித்திரத்தை நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். அன்று அதனைக் கண்ணாற் கண்டேன்.

கண்ணைவிடக் காதுக்கே அங்கு வேலை மிகுதி. கம்பளத்தின்மீதும் புல்லின்மீதும் நடந்தால் ஓசை எழாது. கற்றளத்திலும் இரும்புத் தட்டிலும் நடந்தால் அடுத்த அறைக் காவலன்கூடத் திரும்பிப் பார்ப்பான். கள்வன் வைத்திருக்கும் அம்புகளும் கொல்வதற்காக மட்டும் ஆனவையல்ல. நீர் அம்பு சுவரிலே எரியும் தீப்பந்தத்தை அணைக்கும். பாசி அம்பு தரையிலே மெத்தென்ற பாசியைப் பரப்பிக் காலடி ஓசையை விழுங்கும். கயிற்று அம்பு மரத்திலே தைத்து, ஏறுவதற்குக் கயிறு விடும். விளையாட்டிலே கடினமான தரத்தைத் தெரிவுசெய்தால், மனிதர் எவரையும் கொல்லலாகாது என்ற கட்டளையும் சேர்ந்துகொள்கிறது. கொல்லாமை விரதம் பூண்ட கள்வனை நான் இதற்குமுன் கண்டதில்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அரைமணி நேரத்தில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் நினைவு அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிட்டது. அக்காலத்திற் கதிரவெளியில் மின்சாரம் இல்லை. வீட்டுக்கு ஒரு குப்பி விளக்கு, மற்றதெல்லாம் இருட்டு. பின்நிலாக் காலத்தில் நாங்கள் ஒளித்துப் பிடித்து விளையாடுவோம். மணலில் நடந்தால் ஓசை கேளாது. உலர்ந்த பனையோலையில் ஒருகால் பட்டாற்போதும், ஊருக்கே கேட்டுவிடும். ஆகவே மணலையும் ஓலையையும் காலாலேயே தடவி அறிந்து நடப்போம். காற்று வேலியை உலுப்பும்வரை காத்திருந்து, அந்தச் சரசரப்புக்குள் நம் ஓட்டத்தை மறைத்துக்கொள்வோம். அமெரிக்காவிலிருந்து வந்த கம்பளமும் இரும்புத் தட்டும் எங்கள் மணலும் ஓலையுமன்றி வேறல்ல.

இடையிலே காவலர் இருவர், தங்களை ஒருவன் இருளிலிருந்து பார்க்கிறான் என்பதை அறியாமல், கரடிச் சண்டை பார்க்கப் போவதைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். பேரனுக்கு விளங்காத ஆங்கிலச் சொற்களை நான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு விளங்காத பொத்தான்களை அவன் சொல்லிக்கொடுத்தான்.

வீட்டிலே தமிழாசிரியன் ஒருவன் இருந்தால் எதற்கும் ஒரு பழைய நூல் வந்துவிடும். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலே, பொற்கொல்லன் காவலரிடம் கள்வரின் திறமையை எடுத்துரைக்கும் இடம் உண்டு. கள்வருக்குத் துணையாவன எட்டு என்று அங்கு சொல்லப்படுகிறது. இடமறிதல், காலமறிதல், கருவி, தந்திரம் ஆகிய நான்கும் மனித முயற்சியைச் சேர்ந்தவை. மந்திரம், மருந்து, தெய்வத்தின் துணை, நிமித்தம் ஆகிய நான்கும் அதற்கு அப்பாற்பட்டவை. இதைப் பேரனுக்குச் சொன்னேன். "அப்படியானால் கரெட்டுக்கு முதல் நான்கும் நல்லாய்த் தெரியும் அம்மப்பா. ஆனால் இனி வருவது மற்ற நான்கு" என்று அவன் ஒரு மாதிரியாகச் சிரித்தான்.

அவன் சிரிப்பின் பொருள் மறுநாள் விளங்கிற்று. இரண்டாவது கட்டத்திலே கரெட் ஒரு சிறைச்சாலைக்குட் புகவேண்டும். அதற்குப் பாழடைந்த சுரங்கத்தின் வழியே போகவேண்டும். அங்கே செத்த பிணங்கள் எழுந்து நடக்கின்றன! மூன்றாவது கட்டம் முழுவதுமே கல்லறைக் குகை. வெட்டினாலும் மீண்டும் எழும் பிணங்கள், விந்தை விலங்குகள், மாயப் பொறிகள். கதையின் முடிவிலோ காட்டுத் தெய்வம் ஒன்றே பகைவனாக வருகிறது. மாளிகையிலே காவலனுடைய மூச்சையும் முணுமுணுப்பையும் அளந்து நடந்த நுட்பமெல்லாம் பிணத்தின் முன்னே செல்லாக் காசாகிவிட்டது. பிணத்துக்கு என்ன சந்தேகம் வரும்? அதற்கு வீட்டு நினைவு உண்டா, குளிர் உண்டா, கரடிச் சண்டை பார்க்கும் ஆசைதான் உண்டா? அதனிடமிருந்து ஓடலாம், இல்லையேல் தீர்த்தமோ தீயோ கொண்டு அழிக்கலாம். ஒளிந்து வெல்வதில் உள்ள சுவை அங்கு குறைந்துபோயிற்று.

இவ்வளவு நல்ல கதைக்குள் பேய்களை ஏன் புகுத்தினார்கள்? பேரனின் தமையனிடம் கேட்டும், தேடிப் படித்தும் அறிந்துகொண்டேன். அந்த விளையாட்டு தொடக்கத்திற் களவைப் பற்றியதாகவே இருக்கவில்லை. முதலில் வாட்போர் விளையாட்டாகத் திட்டமிட்டனர். ஆர்தர் மன்னனின் கதையைத் தலைகீழாக்கி, அவனையே கொடியவனாக்கும் எண்ணம் ஒன்றும் இருந்தது. பல மாறுதல்களுக்குப் பின்னரே, ஒளிந்து செல்லுதல் என்ற ஒன்றுதான் தங்கள் பொருள் என்பதைக் கண்டுகொண்டனர். ஒருவன் இருளில் அசையாது நிற்பதை மட்டும் நம்பி ஒரு விளையாட்டை விற்க முடியுமா என்ற ஐயம் எவருக்கும் எழுவது இயல்பே. முதல் முயற்சி அல்லவா? தன் சரக்கில் முழு நம்பிக்கையில்லாத வியாபாரி, கடை வாசலிற் பொம்மையையும் வைப்பான். அந்தப் பொம்மைகளே அப்பேய்கள் என்று எனக்குத் தோன்றியது. முதற்பாகத்துக்கு அறுபத்தைந்து புள்ளிகள் இட்டேன்.

இரண்டாம் பாகம் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்தது. 'உலோக யுகம்' என்பது அதன் துணைப்பெயர். அதே நிறுவனம்; அதே கள்வன்; அதே மணி; ஏறக்குறைய அதே அம்புகள். படத்தின் அழகிலும் பெரிய வேற்றுமை இல்லை. முதலிரண்டு நாள், "எங்கே முன்னேற்றம்?" என்று நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். பிறகுதான் விளங்கியது. அவர்கள் புதிதாகச் சேர்த்ததைவிட, நீக்கியதுதான் பெரிய முன்னேற்றம். பிணங்களும் விந்தை விலங்குகளும் ஏறக்குறைய முற்றாக விலகிவிட்டன. அவை நின்ற இடங்களிலே மனிதர் வந்துவிட்டனர்.

பதினைந்து கட்டங்கள் அதில் உள்ளன. ஒன்றிலே துறைமுகப் பண்டசாலை, ஒன்றிலே வங்கி, ஒன்றிலே, கதவுக்கு அப்பால் இருவர் பேசும் இரகசியத்தை ஒளிந்திருந்து கேட்பதே வேலை. இன்னொன்றிலே நகரத்து வீடுகளின் கூரைமேலேயே நெடுந்தூரம் நடந்து, விருந்து நடக்கும் உயர்ந்த கோபுரத்தை அடைய வேண்டும். எந்தப் பலகணி வழியே போவது, எந்தக் கூரையைத் தாண்டுவது என்பது விளையாடுபவனின் விருப்பம். காவலரும் பணியாட்களும் முன்னையிலும் மிகுதியாக வாய்திறக்கின்றனர். எசமானனைக் குறை சொல்கின்றனர்; வேலையை நொந்துகொள்கின்றனர். அவர்களுடைய கடிதங்கள் மேசையிலே கிடக்கின்றன. ஒரு காவலனுடைய முறைப்பாட்டைக் கேட்ட பின்னர், அவன் தலையிலே தடியால் அடித்து மயக்குவதற்குப் பேரனுக்கு மனம் வரவில்லை. "பாவம், போகட்டும்" என்று வேறு வழியாற் சுற்றிப் போனான். அதைக் கண்டபோது நான் ஐந்து புள்ளிகளை உடனே கூட்டினேன்.

இயந்திரங்களும் உண்டு. பகைவரான இயந்திரப் பிரிவினர் நகரெங்கும் கண்போன்ற காவற்பொறிகளை வைத்திருக்கின்றனர். நீராவியால் நடக்கும் இரும்புக் காவலர்களும் உலாவுகின்றனர். ஆயினும் அவற்றுக்கும் ஒரு முறை உண்டு. இரும்புக் காவலனின் முதுகிலே கொதிகலன் எரிகிறது. அங்கே நீர் அம்பை எய்தால் நெருப்பு அணைந்து அது நின்றுவிடும். பார்த்து, எண்ணி, கண்டுபிடிக்கத்தக்க முறை அது. சிலப்பதிகாரக் கணக்கிற் சொன்னால், முதற்பாகம் மந்திரத்தையும் தெய்வத்தையும் அதிகம் நம்பியது. இரண்டாம் பாகம் இடத்தையும் காலத்தையும் கருவியையும் நம்பியது.

இது இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் உரிய உண்மையன்று. ஒளிந்து செல்லும் விளையாட்டுக்களுக்கு முன்னோடியான 'மெட்டல் கியர்' 1987இல் ஜப்பானிலே கொனாமி நிறுவனத்தில் ஹிதேயோ கோஜிமா என்பவரால் ஆக்கப்பட்டது. அதிலே காவலர் நேர்கோட்டில் மட்டும் பார்ப்பர். ஒருவன் கண்டுவிட்டாலும், பெரும்பாலும் அடுத்த திரைக்கு ஓடிவிட்டால் அவன் மறந்துவிடுவான். 1990இல் வந்த இரண்டாவது விளையாட்டிலே காவலர் பக்கவாட்டிலும் பார்க்கின்றனர், ஓசையைக் கேட்கின்றனர், திரை விட்டுத் திரை துரத்துகின்றனர். ஆக, அங்கும் முன்னேற்றமென்பது காவலனுக்குக் கண்ணும் காதும் நினைவும் கொடுத்ததுதான். எதிரியை மனிதனாக்கியவுடன் விளையாட்டு உயர்ந்தது. மனிதனுக்கு அஞ்சுவதுதான் மெய்யான அச்சம். அதற்குள்ளே இரக்கத்துக்கும் இடமுண்டு.

நடுநிலை தவறாமற் சொல்லவேண்டுமானால், இரண்டாம் பாகத்தில் இழப்பும் உண்டு. கல்லறைக் குகையின் திகிலும், காட்டுத் தெய்வத்தின் மருமமும் அதில் இல்லை. முதற்பாகமே சிறந்ததென்று சாதிப்போர் இன்றும் பலர். அவர்களோடு நான் வாதிடமாட்டேன். எனினும், மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கட்டுரையை இரண்டாம்முறை எழுதச் சொன்னால், நீங்கள் உவமைகளைக் கூட்டி, அடைமொழிகளைப் பெருக்கிக் கொண்டுவருகிறீர்கள். எனது அனுபவத்தில், திருந்திய கட்டுரைகள் பெரும்பாலும் குறைந்த கட்டுரைகளாகவே இருந்தன. முதலெழுத்திலே நாம் எதைச் சொல்ல அஞ்சி எதையெதையோ சேர்த்தோமோ, அவற்றை நீக்குவதே இரண்டாமெழுத்தின் வேலை.

இவ்வளவும் நான் பேரனுக்கும் சொன்னேன். சொன்னபோது, அந்த உபதேசம் என் தலையிலேயே வந்து விழும் என்று நினைக்கவில்லை.

விளையாட்டின் இறுதிப்பகுதியிலே ஒரே மாளிகைக்கு இருமுறை போகவேண்டியிருக்கிறது. முதல்முறை எதையும் திருடுவதற்காக அன்று, வீட்டை அறிந்துவருவதற்காக. எவர் கண்ணிலும் படலாகாது. எவரையும் மயக்கவும் கூடாது. வந்துபோன சுவடே இருத்தலாகாது. அடுத்த கட்டத்திலே அதே மாளிகைக்கு மீண்டும் போய், வேண்டிய பொருளை எடுத்துவருவது. இரண்டாம்முறை போகும்போது, முன்பு அச்சமூட்டிய கூடங்களெல்லாம் பழகிய இடங்களாகத் தோன்றுகின்றன. பேரன் அந்தக் கட்டத்தை முடித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்:

"அம்மப்பா, எங்கள் வளவின் பின்னால் உள்ள பள்ளத்துக்குள் பேய் இருக்கென்று சொன்னீங்களே, அது உண்மையா?"

எங்கள் வளவின் பின்புறத்திலே, முந்திரிகை மரத்தடியில், மண் சரிந்து பாதி மூடிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அவன் நடக்கத் தொடங்கிய நாள் முதல், அங்கே கொள்ளிவாய்ப் பேய் இருக்கிறது என்று சொல்லி வளர்த்தவன் நான். விழுந்துவிடுவான் என்ற பயத்தாற் சொன்னேன் என்று எல்லாரிடமும் கூறிவந்தேன். உண்மை அதுவன்று. அந்தப் பள்ளத்தைப் பற்றி அவன் கேள்வி கேட்கலாகாது என்பதற்காகவே சொன்னேன். என்னுடைய கதையின் முதற்பாகத்திலும் பேய்தான் இருந்தது.

அன்றிரவு கணினியை அணைக்கச் சொல்லிவிட்டு, அதே கதையை இரண்டாம்முறை சொன்னேன். இம்முறை பேயை நீக்கிவிட்டேன்.

அது பேய்ப்பள்ளமன்று, நாங்கள் வெட்டிய பதுங்குகுழி. 2006ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், போரினால் இடம்பெயர்ந்து வந்த மக்கள் எங்கள் ஊர்ப் பாடசாலையிலே தஞ்சம் புகுந்திருந்தனர். அன்று பகல் அங்கே ஷெல்கள் விழுந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காயமுற்றோர் அதனினும் மிகப் பலர். என் தம்பி அன்று காலை, அங்கிருந்தவர்களுக்கென்று இரண்டு குடம் தண்ணீரைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு போனவன். முதல் ஓசை கேட்டதும் நான், என் மனைவி, பதினைந்து வயது மகள் ஆகிய மூவரும் குழிக்குட் குதித்தோம். "சித்தப்பா அங்கே நிற்கிறார், போய்ப் பாருங்கள்" என்று மகள் அழுதாள். நான் அவள் கையை விடவில்லை. நானும் போகவில்லை. ஓசை அடங்கி வெகுநேரமான பின்னரே வெளியே வந்தேன். தம்பியைக் கண்டபோது அவன் உயிரோடு இல்லை. 2007இன் தொடக்கத்தில் நாங்களும் ஊரைவிட்டுத் தெற்கே போனோம். பின்னர் மீண்டுவந்து பார்த்தபோது, வீட்டுக்குக் கூரை இல்லை. குழி மட்டும் இருந்தது.

ஒளிந்திருந்தவன் என்ற சொல் என்னைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக உறுத்திக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்து மூச்சடக்கி இருந்த பேரனைக் கண்ட மாலையில் எனக்கு வந்த கோபம், களவு என்ற பெயரால் வந்ததன்று என்பதை இப்பொழுதுதான் அறிகிறேன்.

விளையாட்டுக்கும் மெய்க்கும் உள்ள வேற்றுமையையும் அன்று அவனுக்குச் சொன்னேன். உன் விளையாட்டிலே நீதி இருக்கிறது. இருளில் அசையாமல் நின்றால், ஓசை எழாமல் நடந்தால், நீ பிழைப்பாய். பிழைத்தவன் கெட்டிக்காரன், பிடிபட்டவன் அவசரக்காரன். ஷெல்லுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. பாடசாலையில் இருந்தவர்கள் எந்தப் பிழையும் விடவில்லை. குழிக்குள் இருந்த நாங்கள் எந்தத் திறமையும் காட்டவில்லை. பொற்கொல்லன் சொன்ன எட்டுத் துணைகளும் சேர்ந்து பறித்தது, களவே அறியாத கோவலனின் உயிரையல்லவா? அதைப்போல, ஒளிந்தவனெல்லாம் கள்வனும் அல்லன். ஒளியாதவனெல்லாம் வீரனும் அல்லன். இதை நான் வகுப்பிலே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எனக்கு நானே ஒருமுறையும் விளக்கியதில்லை.

பையன் ஆறுதல் மொழி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயதில் அது வராது. வந்தாற் பொய்யாக இருக்கும். "சின்ன அம்மப்பா எந்த வழியாற் போனவர்?" என்று மட்டும் கேட்டான். அடுக்களை வாசலில் என் மகள் நின்றிருந்ததை அப்பொழுதுதான் கண்டேன். எப்பொழுது வந்தாளோ தெரியாது. மணல் வீடு, காலடி கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் நாங்கள் மூவரும் அந்த வழியே நடந்தோம். முந்திரிகை மரத்தடியிலிருந்து தொடங்கி, வேலியோரமாகப் போய், வீதியைக் கடந்து, பாடசாலை வாசல்வரை சென்றோம். தம்பி சைக்கிளைச் சாத்திய மரம் இப்பொழுது இல்லை. அவன் எப்படிச் சீழ்க்கை அடிப்பான், தண்ணீரைச் சிந்தாமல் எப்படி மிதிப்பான் என்பவற்றை என் மகள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவற்றை அவள் தன் மகனுக்கு அதற்குமுன் சொன்னதில்லை. நான் பேயை வைத்துக் காவல் காத்த இடத்துக்குள் அவளும் இத்தனை ஆண்டுகள் நுழைய முடியாமல் நின்றிருக்கிறாள்.

திரும்பி வரும்போது பேரன், "அம்மப்பா, இரண்டாம் பாகத்துக்கு இன்னும் புள்ளி சொல்லவில்லையே?" என்றான்.

"எண்பத்தைந்து" என்றேன்.

"மிச்சப் பதினைந்தும் எங்கே போயிற்று?"

இரண்டாம் பாகம் வெளிவந்து இரண்டு மாதங்களிலே, 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், அதனை ஆக்கிய நிறுவனம் பொருள்முடையால் மூடப்பட்டது. மூன்றாம் பாகத்தை 2004இல் வேறொரு நிறுவனமே ஆக்கியது. எதையும் மேலும் திருத்திச் சொல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. எனக்கு இன்னும் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். தம்பியைப் பற்றி நான் சொல்லாதவை பல உள்ளன. அவனோடு நான் போட்ட சண்டைகளைச் சொல்லவில்லை. நிலாக் காலத்தில் அவன் ஒளிந்த இடத்தை ஒருநாளும் என்னாற் கண்டுபிடிக்க முடியாமற் போனதையும் சொல்லவில்லை.

"மூன்றாம் முறை சொல்லும்போது தருவதற்காக வைத்திருக்கிறேன்" என்றேன்.

அந்த வாரமே பையனும் நானும் மண்வெட்டி எடுத்து, பள்ளத்தின் சரிவைச் செப்பனிட்டு, விழாதபடி சுற்றிலும் வேலி அடைத்தோம். மூடிவிடலாமே என்று அயலவர் சொன்னார்கள். வேண்டாமென்றேன். கணினி வீட்டிலேயே இருக்கிறது. மாலையில் வீட்டுப்பாடம் முடிந்த பிறகு, கள்வன் கரெட் இருளிலே அடி எடுத்துவைக்கிறான். சில நாட்களில் பொத்தான்கள் என் கையில் இருக்கின்றன. பேரன் பக்கத்திலிருந்து, "அம்மப்பா, மெதுவாக, மெதுவாக" என்கிறான். களவைக் கற்றுவிட்டேன். மறக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.